இழை எங்கே நிற்கிறதோ அங்கே பணம் பிரிகிறது

2004இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்கு ஒரே கவலை. கேபிள் டிவி நிறுவனங்கள் தொலைக்காட்சியோடு இணையத்தையும் தொலைபேசியையும் ஒரே கட்டாக விற்கத் தொடங்கியிருந்தன. செம்புக் கம்பி ஈட்டித் தந்த பழைய வருமானம் கரைந்துகொண்டிருந்தது. ஒளியிழைதான் பதில் என்பதில் வெரைசனுக்கும் எஸ்பிசிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. (எஸ்பிசி அடுத்த ஆண்டே ஏடி அண்ட் டியை வாங்கி, அந்தப் பெயரையே தானும் சூடிக்கொண்டது.) அந்த இழை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதில்தான் இருவரும் பிரிந்தார்கள். வெரைசன் வீட்டுச் சுவர் வரை இழையைக் கொண்டுபோக முடிவு செய்தது. எஸ்பிசி தெருவோரப் பெட்டியில் அதை நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த சுமார் 900 மீட்டரைப் பழைய செம்புக் கம்பியிடமே விட்டது.

இருவருக்கும் இலக்கு ஏறத்தாழ ஒன்றுதான்: 1.8 கோடி வீடுகள். செலவுக் கணக்கு மட்டும் அடியோடு வேறு. வெரைசன் 2010 வரைக்குமாகச் சொன்ன தொகை சுமார் 2,300 கோடி டாலர். எஸ்பிசியின் தொடக்க மதிப்பீடு 400 கோடி டாலர் அளவில் இருந்தது. பின்னால் அது ஏறியது. எது தொலைநோக்கு, எது சிக்கனம் என்ற விவாதம் அன்றிலிருந்து ஓய்ந்தபாடில்லை. வாடிக்கையாளருக்கு எத்தனை மெகாபிட் கிடைத்தது என்பதையே அளவுகோலாக வைத்து எல்லோரும் வாதிடுகிறார்கள். மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவரை, அதாவது கருவி விற்பவரைப் பற்றிய பேச்சு குறைவு. இழை நிற்கும் இடம் மாறினால், பணம் போய்ச் சேரும் பையும் மாறுகிறது. அது வந்து சேரும் ஆண்டும் மாறுகிறது. கருவியின் தரத்தைவிட இந்த இரண்டும்தான் பல நிறுவனங்களின் தலையெழுத்தை எழுதியிருக்கின்றன.

யாருக்கு எவ்வளவு

வீடு வரை இழை போடும் திட்டத்தில் பெரும்பங்கு செலவு மண்ணுக்குப் போகிறது. சாலையை வெட்டுவது, குழாய் பதிப்பது, கம்பம் கம்பமாகக் கேபிள் இழுப்பது, அனுமதி வாங்குவது, வெட்டியதை மூடுவது என எல்லாம் உள்ளூர் ஒப்பந்ததாரருக்கும் கூலிக்கும் போகும் பணம். அடுத்த பங்கு மின்சாரம் தேவைப்படாத பொருள்களுக்கு: கேபிள், இணைப்புப் பெட்டி, ஒரு இழையின் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஸ்பிளிட்டர். கடைசியாக மிஞ்சுவதுதான் மின்னணுக் கருவிகளின் பங்கு. நிலையத்தில் உட்கார்ந்து ஒளியை அனுப்பும் ஓஎல்டி, வீட்டில் அதை வாங்கி இணையமாக மாற்றும் ஓஎன்டி. நாம் 'தொலைத்தொடர்பு உபகரண நிறுவனம்' என்று சொல்லும்போது நினைக்கிற நிறுவனங்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பங்கை நம்பித்தான் இருக்கின்றன.

இழையைத் தெருப்பெட்டியோடு நிறுத்தினால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஒவ்வொரு வாசலுக்கும் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு தெருவிலும், வெயிலும் மழையும் தாங்கும் பெட்டிக்குள், செம்புக் கம்பியில் அதிவேகத் தரவை அனுப்பும் விடிஎஸ்எல் கருவி வேண்டும். மொத்தச் செலவு சுருங்குகிறது. அதில் மின்னணுவின் பங்கு வீங்குகிறது. எஸ்பிசி 2004 அக்டோபரில் அல்காடெல் என்ற ஒரே நிறுவனத்துக்கு ஐந்தாண்டுகளுக்குக் கொடுத்த ஒப்பந்தத்தின் மதிப்பு 170 கோடி டாலர். மொத்தத் திட்டத்தின் தொடக்க மதிப்பீடு 400 கோடி அளவில் இருந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டின் கால அளவும் முழுக்கப் பொருந்தாது, உண்மைதான். ஆனாலும் இப்படிப்பட்ட விகிதத்தை வீடு வரை இழை போடும் எந்தத் திட்டத்திலும் ஒரு கருவி நிறுவனம் கனவில்கூடக் காண முடியாது. 'முழு இழை வந்தால் கருவி நிறுவனங்களுக்குக் கொண்டாட்டம்' என்ற பொதுவான நினைப்பு பாதிதான் சரி. குறுகிய காலத்தில் அவர்களுக்கு அதிகம் கொடுத்தது பல இடங்களில் செம்பை விடாமல் பிடித்துக்கொண்ட திட்டங்கள்தான்.

தெருப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். மின்வெட்டு நேரத்தில் பேட்டரி வேண்டும். இழை வீடு வரை போயிருந்தால் இந்தத் தெருவோரப் பேட்டரியே தேவைப்பட்டிருக்காது. அவெஸ்டர் என்ற நிறுவனம் தயாரித்த லித்தியம் பேட்டரிகள் ஏடி அண்ட் டியின் பெட்டிகளுக்குள் வைக்கப்பட்டன. அவற்றில் சில வெடித்தன. 2008 தொடக்கத்தில் சுமார் 17,000 பேட்டரிகளை மாற்ற ஏடி அண்ட் டி முடிவெடுத்தது. அதற்கு முன்பே, 2006இல், பேட்டரி நிறுவனம் திவாலாகியிருந்தது. இழையை எங்கே நிறுத்துவது என்ற முடிவு, பட்டியலில் யாருமே எதிர்பார்க்காத சப்ளையரைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முந்தியவருக்கு வந்த சோதனை

வெரைசன் பக்கம் கதை வேறு மாதிரி போனது. 2003இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், புதிதாகப் போடப்படும் வீடு வரையான இழையைப் போட்டியாளர்களுக்குப் பங்கிட்டுத் தர வேண்டியதில்லை என்று விதியைத் தளர்த்தியது. அதே ஆண்டில் வெரைசன், எஸ்பிசி, பெல்சவுத் மூன்றும் சேர்ந்து ஒரே டெண்டரை வெளியிட்டன. நோக்கம் தெளிவு: மூவருக்கும் ஒரே தொழில்நுட்பத் தேவை என்றால் சப்ளையர்கள் பெருமளவில் தயாரிப்பார்கள், விலை இறங்கும். அந்த ஒற்றுமை கொள்முதலில் நீடிக்கவில்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம். மூன்று வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து ஆலையைத் திட்டமிட்டவர்களுக்கு உடனடியாகக் கிடைத்த பெரிய வாடிக்கையாளர் ஒருவர்தான்.

அந்த ஒருவரின் ஒப்பந்தத்தை முதலில் வென்றது ஏஎஃப்சி என்ற நடுத்தர நிறுவனம். அதன் மதிப்பு உடனே கூடியது. 2004 மே மாதத்தில் அதை சுமார் 190 கோடி டாலருக்கு வாங்குவதாக டெல்லாப்ஸ் என்ற கருவி நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு முடிவதற்குள் பேரம் மறுபடி பேசப்பட்டு விலை சுமார் 150 கோடிக்கு இறங்கியது. ஒரு பெரிய வாடிக்கையாளரின் திட்டத்தை நம்பி வாங்கப்படும் நிறுவனத்தின் மதிப்பு எவ்வளவு வேகமாக ஆடும் என்பதை அந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது.

ஸ்பிளிட்டர் வழியே ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் முறைக்குப் 'பான்' என்று பெயர். அப்போது வெரைசன் போட்டது அதில் பிபான் என்ற தலைமுறை. ஒரு இழையில் வீட்டை நோக்கிச் செல்லும் வேகம் நொடிக்கு 622 மெகாபிட். 32 வீடுகளுக்குப் பிரித்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கினால், வீட்டுக்குச் சுமார் 19 மெகாபிட். அடுத்து வந்த ஜிபான் சுமார் 2,488 மெகாபிட். அதே கணக்கில் வீட்டுக்கு 78. நான்கு மடங்கு வித்தியாசம் இருக்கும்போது எந்த நிறுவனமும் பழையதில் நிற்காது. 2006இல் வெரைசன் ஜிபானுக்கு மூன்று சப்ளையர்களைத் தேர்ந்தெடுத்தது: அல்காடெல், மோட்டோரோலா, டெல்லாப்ஸ். பட்டியலில் டெல்லாப்ஸின் பெயர் இருந்தது. ஆனால் முதல் தலைமுறையில் முன்னால் நின்றவருக்கும் இரண்டாம் தலைமுறையில் மூவரில் ஒருவராக நிற்பவருக்கும் பேரம் பேசும் பலம் ஒன்றல்ல. தெருப்பெட்டி வரை இழை என்ற எஸ்பிசியின் திட்டத்தில் பெரும்பங்கை வைத்திருந்த அல்காடெல், வீடு வரை இழை என்ற வெரைசனின் வரிசையிலும் வந்து நின்றுகொண்டது. டெல்லாப்ஸை 2013இல் மார்லின் ஈக்விட்டி என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 89 கோடி டாலருக்கு வாங்கியது. ஏஎஃப்சிக்கு மட்டும் அது கொடுத்த தொகையைவிட இது குறைவு. டெல்லாப்ஸின் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும், தொழில்நுட்பத் தலைமுறை மாறுவதற்குச் சற்று முன்னால் வெற்றி பெறுவது தோல்வியைவிட விலை கூடியது என்ற எண்ணம் இந்தக் கணக்கைப் பார்க்கும்போது வராமல் இருப்பதில்லை.

மண்ணுக்கடியில் போன இழைக்கு இந்தத் தலைமுறைச் சிக்கல் கிடையாது. பிபானுக்குப் போட்ட அதே இழையில் ஜிபான் ஓடியது. இன்று இரு திசையிலும் 10 ஜிகாபிட் தரும் எக்ஸ்ஜிஎஸ்-பான் ஓடுகிறது. 25, 50 ஜிகாபிட் தலைமுறைகளும் அதிலேயே ஓடும். கேபிள் விற்பவர் ஒருமுறை விற்கிறார், பெருந்தொகைக்கு. கருவி விற்பவர் அதே இழையின் இரு முனையிலும் பத்தாண்டுக்கொரு முறை திரும்ப விற்கலாம், அவரே திரும்ப வெல்வதாக இருந்தால். அதனால்தான் அடுத்த தலைமுறை எது என்ற தரநிர்ணயச் சண்டை இவ்வளவு கடுமையாக நடக்கிறது. நோக்கியா 25 ஜிகாபிட்டை இப்போதே போடலாம் என்று தனிக் கூட்டமைப்பு வழியாக முன்னெடுத்தது; ஹுவாவேயும் இசட்டிஇயும் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு தரமாக்கிய 50 ஜிகாபிட்டை முன்னிறுத்துகின்றன. வாடிக்கையாளருக்கு இந்த வேகம் இன்று தேவையா என்பது வேறு கேள்வி. இழையைப் போட்டு முடித்தவரிடம் அடுத்து எதை விற்பது என்பது விற்பவரின் கேள்வி.

கடந்த வீடும் இணைந்த வீடும்

இந்தத் துறையின் அறிக்கைகளைப் படிப்பவர்கள் இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்வது வழக்கம். 'கடந்த வீடுகள்' என்றால் வாசலுக்கு அருகே இழை போய்விட்டது, கேட்டால் இணைப்புத் தர முடியும் என்று பொருள். 'இணைந்த வீடுகள்' என்றால் உண்மையிலேயே பணம் கட்டுபவர்கள். கேபிளும் குழாயும் முதல் எண்ணைப் பொறுத்து விற்கின்றன. வீட்டுக்குள் வைக்கும் ஓஎன்டி இரண்டாம் எண்ணைப் பொறுத்து விற்கிறது. ஆகவே இழை போடும் வேகம் உச்சத்தில் இருக்கும் ஆண்டில் கேபிள் நிறுவனம் கொழிக்கும். ஓஎன்டி நிறுவனத்துக்கு அறுவடை அதற்குப் பிறகு, மெதுவாக, ஆண்டுக்கணக்கில் வரும்.

இடையில் நிற்கும் ஓஎல்டியின் விற்பனையோ, ஸ்பிளிட்டரை எங்கே வைக்கிறார்கள் என்ற, பார்க்கச் சின்னதாகத் தெரியும் முடிவைச் சார்ந்தது. 10,000 வீடுகள் உள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். ஸ்பிளிட்டர்களைத் தெருத்தெருவாகப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் 32 வீடுகளை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால், எத்தனை பேர் சேர்ந்தாலும் முதல் நாளே 313 ஓஎல்டி முனைகள் தேவை. எல்லா ஸ்பிளிட்டர்களையும் ஒரு பெரிய பெட்டியில் குவித்து, யார் சேர்கிறார்களோ அவர்களுடைய இழையை மட்டும் அதில் செருகினால், 40 சதவீதம் பேர் சேரும்போது 4,000 வீடுகளுக்கு 125 முனைகள் போதும். இரண்டாவது வழியில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெட்டி வரை தனி இழை ஓட வேண்டும், கேபிள் கூடுகிறது. முதல் வழியில் கேபிள் மிச்சம், கருவி கூடுதல். ஒரு பொறியாளர் வரைபடத்தில் ஒரு பெட்டியை நகர்த்தினார் என்றால், ஒருவருடைய ஆர்டர் பாதிக்கும் கீழே இறங்கி இன்னொருவருடையது ஏறிவிட்டது என்று அர்த்தம். விற்பனைப் பிரதிநிதிகள் கொள்முதல் அதிகாரியைவிட வடிவமைப்புப் பொறியாளரை அடிக்கடி பார்க்கப் போவதன் ரகசியம் இதுதான்.

ஓஎல்டியை இழப்பில்கூடக் கொடுத்துவிடலாம் என்று சப்ளையர்கள் நினைத்த காலம் ஒன்று உண்டு. ஒரே தரத்தில் செய்திருந்தாலும், ஒரு நிறுவனத்தின் ஓஎல்டியோடு இன்னொரு நிறுவனத்தின் ஓஎன்டி தொல்லையில்லாமல் பேசுவது தொடக்கத்தில் அரிது. எனவே நிலையத்தில் இடம் பிடித்தவருக்கே வீடுகள் அத்தனையும். சேவை நிறுவனங்கள் இந்தப் பூட்டை உடைக்கப் பல வருடங்களாகப் பாடுபடுகின்றன: சோதனைச் சான்றிதழ்கள், வன்பொருளையும் மென்பொருளையும் தனித்தனியாக வாங்கும் முயற்சிகள், ஓஎன்டியை வேறு நாட்டில் மொத்தமாகச் செய்யச் சொல்லி நேரடியாக வாங்குவது. பூட்டு முழுதாக உடைந்துவிடவில்லை, தளர்ந்திருக்கிறது. தளர்ந்த அளவுக்கு ஓஎன்டி வெறும் விலைப் போட்டிச் சரக்காகிவிட்டது.

இதற்கு நேரெதிரான அனுபவமும் இருக்கிறது: கடினமான கட்டடம் ஒன்று புதிய பொருளை உண்டாக்கியது. நியூயார்க் போன்ற நகரத்தின் அடுக்குமாடிகளில் நுழைய வேண்டிய கட்டாயம் வந்தபோது வெரைசனுக்கு ஒரு தடை. சாதாரண இழையைக் கூர்மையாக வளைத்தால் ஒளி கசிந்துவிடும். பழைய கட்டடங்களின் நடைவழிகளிலோ மூலைக்கு மூலை வளைவு. கார்னிங் நிறுவனம் வெரைசனோடு சேர்ந்து உழைத்து, வளைத்தாலும் ஒளி கசியாத இழையை 2007இல் அறிவித்தது. தனி வீடுகள் நிறைந்த புறநகரோடு வெரைசன் நின்றிருந்தால் அந்தப் பொருளுக்கு அன்று அவசரம் இருந்திருக்காது. இதே கார்னிங்கின் பங்கு 2000இல் நூறு டாலருக்கு மேல் விற்று, 2002இல் ஒரு டாலரை ஒட்டிக் கிடந்தது. நெடுந்தூரக் கேபிளில் இருந்த அளவுகடந்த நம்பிக்கை அதைக் கவிழ்த்திருந்தது. வீட்டு வாசலுக்குப் போகும் இழை அதற்கு இரண்டாவது வாழ்வைக் கொடுத்தவற்றில் ஒன்று.

பாதி வழித் தொழில்நுட்பங்கள்

செம்பை வைத்துக்கொண்டே வேகத்தைக் கூட்டும் உத்திகள் வரிசையாக வந்தன. விடிஎஸ்எல்-2, பக்கத்துக் கம்பிகளின் இரைச்சலைக் கணக்கிட்டு நீக்கும் வெக்டரிங், இன்னும் குறுகிய தூரத்துக்கு ஜி.ஃபாஸ்ட். ஒவ்வொன்றும் ஒரு புதிய கருவிச் சந்தை. ஒவ்வொன்றுக்கும் அதன் மறுபக்கத்தில் முடிவுத் தேதி, அச்சிடப்படாத மையில். பிரிட்டனில் தொலைபேசி வலையை நடத்தும் ஓபன்ரீச் ஜி.ஃபாஸ்ட்டில் இறங்கி, சில ஆண்டுகளிலேயே விரிவாக்கத்தை நிறுத்திவிட்டு முழு இழைக்குத் திரும்பியது. ஏடி அண்ட் டியும் 2015இல் டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனத்தை வாங்க அனுமதி பெற்றபோது, 1.25 கோடி இடங்களுக்கு வீடு வரை இழை தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 2004இல் தவிர்த்த தோண்டல் பதினொரு ஆண்டு கழித்துக் கட்டாயமாக வந்தது. சப்ளையர்களுக்கு இரண்டு முறை விற்பனை. ஆனால் இரண்டு முறையும் அதே சப்ளையர்கள் அல்ல.

இதன் மிகக் கொடிய வடிவத்தை ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். 2009இல் கெவின் ரட் அரசு, பத்தில் ஒன்பது இடங்களுக்கு வீடு வரை இழை என்ற தேசிய அகண்ட அலைவரிசைத் திட்டத்தை அறிவித்தது. இழைக் கருவிக்கு அல்காடெல்-லூசென்ட், கேபிளுக்கு கார்னிங் என ஒப்பந்தங்கள் போயின. ஹுவாவேக்குப் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கதவு அடைக்கப்பட்டது. 2013இல் ஆட்சி மாறியது. செலவைக் காரணம் காட்டிப் புதிய அரசு திட்டத்தைக் கலவையாக்கியது: ஒரு பகுதிக்குத் தெருப்பெட்டி வரை இழை, இன்னொரு பகுதிக்கு ஏற்கெனவே இருந்த கேபிள் டிவி வலை. இழைக் கருவி விற்ற அல்காடெல்-லூசென்ட் செம்புக் கருவியையும் விற்றது. இரண்டு கடையும் வைத்திருப்பவருக்கு வாடிக்கையாளரின் மனமாற்றம் ஆபத்து ஆவதில்லை. கேபிள் வலைக்கான கருவியில் ஆரிஸ் நுழைந்தது.

பிறகு நடுவில் இன்னொரு வழி முளைத்தது. வாசலுக்கு வெளியே நடைபாதைக் குழிக்குள் ஒரு சிறிய பெட்டி. அதுவரை இழை, அங்கிருந்து சில பத்து மீட்டர் செம்பு. பெட்டிக்கான மின்சாரம் வீட்டிலிருந்தே போகும். அந்தப் பெட்டியைச் செய்தது நெட்காம் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம். பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கான வழி அது. சிறிய நிறுவனத்துக்கு வாழ்நாள் வாய்ப்பு. 2019இல் அமெரிக்காவின் காசா சிஸ்டம்ஸ் 16 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்து நெட்காமை வாங்கியது. உலகில் வேறெங்கும் இந்த வழி பெரிய அளவில் பரவவில்லை. 2020இல் ஆஸ்திரேலியாவே மனம் மாறி, தெருப்பெட்டியில் நின்றவர்களை வீடு வரை இழைக்கு மாற்றுவதற்குப் பல நூறு கோடி டாலர் ஒதுக்கியது. 2024 ஏப்ரலில் காசா திவால் பாதுகாப்புக்கு மனு போட்டது. நெட்காம் பிரிவு சுமார் 70 லட்சம் அமெரிக்க டாலருக்கு டிஇசட்எஸ் நிறுவனத்திடம் போனது. 2025 மார்ச்சில் டிஇசட்எஸ்ஸும் திவாலானது. காசாவின் வீழ்ச்சிக்கு அதன் கேபிள் தொழிலும் காரணம். எல்லாப் பழியையும் நடைபாதைக் குழியில் போடுவது நியாயமாகாது. ஆனால் ஒரே நாட்டின், ஒரே கட்டத்தின் தேவைக்காகச் செதுக்கப்பட்ட பொருளுக்கு அடுத்த வாடிக்கையாளர் கிடைக்காமல் போவது விபத்து என்று சொல்ல முடியாது.

ஒழுங்குமுறையும் இந்த ஆட்டத்தில் காயை நகர்த்தும். சுவிட்சர்லாந்து இதற்குக் கச்சிதமான பாடம். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலையத்திலிருந்து தனி இழை என்ற வழக்கத்தை விட்டு, ஸ்பிளிட்டர் வைத்த மர வடிவத்துக்கு மாற ஸ்விஸ்காம் 2020இல் முனைந்தது. போட்டியாளர்கள் தங்கள் சொந்தக் கருவியைத் தனி இழையின் முனையில் வைக்கும் வாய்ப்பு இதனால் போய்விடும் என்று போட்டி ஆணையம் அதே ஆண்டு டிசம்பரில் தடுத்தது. நீதிமன்றங்கள் அதை நிலைநிறுத்தின. 2022இல் ஸ்விஸ்காம் பெரும்பாலும் தனி இழைக்கே திரும்பியது. அதற்கிடையில் இனிட்7 என்ற சிறிய சேவை நிறுவனம், தனி இழை இருந்த இடங்களில் தன்னுடைய ஸ்விட்சை வைத்து 2021இல் 25 ஜிகாபிட் சேவையைத் தொடங்கியிருந்தது. கவனியுங்கள், அங்கே விற்றது ஓஎல்டி அல்ல; தரவு மையங்களில் ஓடும் சாதாரண ஈதர்நெட் ஸ்விட்ச். தனி இழை என்ற ஒரே தேர்வு, பான் கருவி நிறுவனங்களின் கோட்டைச் சுவரில் ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. வெக்டரிங்கில் இதற்கு நேரெதிர்: இரைச்சலை நீக்க ஒரு பெட்டியின் எல்லாக் கம்பிகளும் ஒரே கையில் இருக்க வேண்டும். ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமோடு போட்டியாளர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியதும் இதற்காகத்தான்.

ஒரு யானையா, நூறு ஆடா

அந்த டாய்ச்ச டெலிகாமின் வாசலுக்கு அட்ரான் என்ற கருவி நிறுவனம் போன வழியும் சொல்லத்தக்கது. அமெரிக்க அலபாமாவைச் சேர்ந்த அந்த நிறுவனம் 2012இல் நோக்கியா சீமன்ஸின் அகண்ட அலைவரிசை அணுகல் பிரிவை வாங்கியது; அதோடு ஐரோப்பிய வாடிக்கையாளர்களும் வந்தார்கள். பெரிய வாடிக்கையாளர் கிடைப்பது வரமாகத் தெரியும். பிறகு அவர் யாரையோ வாங்குகிறார், இணைப்பு முடியும்வரை செலவை நிறுத்தி வைக்கிறார். சப்ளையரின் காலாண்டு சரிந்துவிடுகிறது. 2017 கடைசியில் அட்ரானுக்கு அமெரிக்காவில் இப்படித்தான் நடந்தது. பொருளில் குறை இல்லை, போட்டியாளரும் காரணம் இல்லை.

காலிக்ஸ் என்ற இன்னொரு கருவி நிறுவனம் வேறு பாதையில் போனது. நகரங்களை விட்டுவிட்டு, கிராமப்புறங்களில் சில ஆயிரம் வீடுகளுக்குச் சேவை தரும் சிறு நிறுவனங்களையும் கூட்டுறவுகளையும் தேடிப் போனது. அவர்களிடம் பெரிய பொறியாளர் படை இல்லை. கருவியோடு வீட்டு வைஃபை மேலாண்மையும் வாடிக்கையாளர் தரவு மென்பொருளும் சேர்ந்து வந்தால் சந்தா கட்டவும் தயார். பேரம் பேசும் பலம் அவர்களுக்குக் குறைவு. ஆகவே காலிக்ஸின் மொத்த லாப விகிதம் பாதியைத் தாண்டுகிறது. பெரிய டெண்டர்களில் ஓடும் வன்பொருள் நிறுவனங்கள் பொறாமைப்படும் எண் அது. இழை யார் போடுகிறார் என்பதும் எங்கே நிற்கிறது என்பதைப் போலவே விலையைத் தீர்மானிக்கிறது.

பிறகு வந்தது பெருந்தொற்று. வீட்டிலிருந்து வேலை, இணையத் தேவை, அதே நேரத்தில் சிப் தட்டுப்பாடு. ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர ஓராண்டு ஆகும் என்ற நிலையில், எல்லோரும் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டார்கள். 2022இல் தட்டுப்பாடு தளர்ந்தபோது எல்லாம் ஒன்றாக வந்து கிடங்குகளை நிரப்பியது. 2023இல் கேபிளும் கருவியும் விற்பவர்களின் ஆர்டர் புத்தகம் வறண்டது; கார்னிங், அட்ரான் எல்லோரும் வாடிக்கையாளர்கள் கையிருப்பைக் கரைக்கிறார்கள் என்று காலாண்டுக்குக் காலாண்டு ஒரே பல்லவி பாடினார்கள். அதே ஆண்டில் இழை போடும் வேலை தெருக்களில் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று பார்ப்பவருக்குத் துறை செழிப்பதாகத் தெரிந்திருக்கும்.

அந்த வறட்சியில் எல்லோரும் அண்ணாந்து பார்த்த மேகம் அமெரிக்க அரசின் 4,245 கோடி டாலர் கிராமப்புற இணையத் திட்டம். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் பிறந்த அது ஒளியிழைக்கே முன்னுரிமை கொடுத்தது. கூடவே, கருவிகள் அமெரிக்காவில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. நோக்கியா விஸ்கான்சினில் உள்ள கெனோஷாவில் ஒப்பந்த உற்பத்தியாளர் ஒருவரோடு சேர்ந்து இழைக் கருவி செய்ய ஏற்பாடு செய்தது. மற்றவர்களும் உள்நாட்டு உற்பத்தியை அறிவித்தார்கள். விதிகளும் மாநில ஒப்புதல்களுமாக ஆண்டுகள் ஓடின. 2025 ஜூனில் புதிய நிர்வாகம் இழைக்கான முன்னுரிமையை நீக்கியது. எந்தத் தொழில்நுட்பமானாலும் செலவு குறைவானது வெல்லட்டும் என்று மாநிலங்களை மறுபடி ஏலத்துக்கு அனுப்பியது. தொலைதூர வீடுகளில் ஒரு பங்கு செயற்கைக்கோள் இணையத்துக்குப் போனது. அதில் இழையும் இல்லை, ஸ்பிளிட்டரும் இல்லை. ஸ்டார்லிங்கின் வீட்டு ஆண்டெனாவை டெக்சாஸில் உள்ள பாஸ்ட்ராப் ஆலையில் ஸ்பேஸ்எக்ஸே தயாரித்துக்கொள்கிறது. ஓஎல்டி விற்பவர் போய்க் கதவைத் தட்டக் கொள்முதல் அலுவலகம் என்று ஒன்று அந்த வழியில் இல்லை.